கண்மணிக்குள் ஒரு சன்னல்

அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுச் சேலைகளுக்கு அடியில், ஒரு படம் கிடந்தது. கனத்த அட்டையில் ஒட்டிய மார்பளவுப் படம். அம்மாவுக்கு ஆச்சி, எனக்குப் பூட்டி. பாம்படத்தின் கனத்தில் தோள் தொடத் தொங்கும் காது, நெற்றியில் அகலப் பொட்டு, கேமராவை நேருக்கு நேர் பார்க்கிற பார்வை. அட்டையின் கீழோரத்தில் அச்சடித்திருந்த ஸ்டூடியோவின் பெயரைப் பூச்சி தின்றுவிட்டது. 'பாளையங்கோட்டை' என்ற ஊர்ப்பெயர் மட்டும் மிச்சம். தேதி இல்லை.

கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று என்னிடம் உண்டு. ஒரு மத்தியானம் அதை வைத்து அந்த முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். காது, மூக்குத்தி, பிறகு கண். அங்கே கை நின்றுவிட்டது. இரண்டு கருவிழியிலும் மேலோரத்தில், கடுகில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளைத் துணுக்கு. புள்ளி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். புள்ளி இல்லை. நேரான பக்கங்கள், சாய்ந்த தலை, குறுக்கே ஓடும் ஒரு மெல்லிய கோடு. சட்டம் போட்ட கண்ணாடி அது. அன்றைக்கு அவள் முகத்துக்கு வெளிச்சம் வந்த வழி அவள் கண்ணுக்குள்ளேயே பதிந்து கிடந்தது.

விழியின் முன்னால் கவிந்திருக்கும் கார்னியா ஒரு குவிந்த கண்ணாடி. பைக்கில் பின்னால் வரும் வண்டியைக் காட்டுகிற கண்ணாடி மாதிரிதான், ஆனால் வளைவின் ஆரம் சுமார் 8 மில்லிமீட்டர். எதிரே இருப்பது எவ்வளவு பெரிதானாலும் சுருக்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஒரு மீட்டர் அகலச் சன்னலுக்கு எதிரே இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், விழியில் அதன் பிம்பம் 2 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். போட்டோ எடுப்பவர்கள் இதைக் 'கேட்ச் லைட்' என்பார்கள். அது விழாத கண் படத்தில் உயிரில்லாமல் கிடக்கும். விழுந்துவிட்டால் அது ஒரு சாட்சி. வளையமாகத் தெரிந்தால் வளைய விளக்கு, நீண்ட கட்டமாகத் தெரிந்தால் சன்னலோ கதவோ, ஊசிமுனைப் பொட்டாக இருந்தால் வெட்ட வெயில். கல்யாண வீட்டு ஆல்பத்தையோ பழைய பத்திரிகை அட்டையையோ எடுத்துக் கண்ணை மட்டும் பாருங்கள். அந்த அறையில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும்.

பூட்டியின் கண்ணில் இருந்தது கண்ணாடிக் கூரை. உலகத்துக்குப் புகைப்படம் அறிமுகமானது 1839-இல். சென்னையில் 1856-லேயே புகைப்படச் சங்கம் ஒன்று தொடங்கிவிட்டது; ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹன்டர் அதற்கு முன்னின்றவர். பிறகு பெரிய ஊர்களில் ஸ்டூடியோக்கள் வந்தன. மின்சாரம் வராத அந்தக் காலத்தில் கூரையின் ஒரு பக்கத்தைப் பிரித்துக் கண்ணாடி பதித்துவிட்டு, அதன் அடியில் ஆளை உட்காரவைப்பார்கள். தாமிரபரணித் தண்ணீரில் பாபநாசம் மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1944-இல்தான். அதற்கு முன்பு இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு விளக்கு என்றால் பெரும்பாலும் சூரியன். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்து ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 வாக்கிலிருந்து நூறாண்டுக் காலத் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்து மின்னுருவாக்கியிருக்கிறார்கள். கவனிப்பாரில்லாமல் கிடந்த அந்தப் படங்களுக்கு அது பெரிய காரியம்.

அந்தக் கண்ணாடிக் கூரை விஷயத்தில்தான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் வருகிறது.

ஐரோப்பாவில் எழுதிய புத்தகங்கள் பெரும்பாலும் சொன்ன விதி, கண்ணாடி வடக்குப் பார்த்திருக்க வேண்டும் என்பது. அங்கே அது சரி. லண்டன் இருப்பது வடக்கு அட்சம் 51.5 பாகையில். அந்த ஊரில் வருஷத்தில் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் தெற்கில்தான் நிற்கும். வடக்குச் சன்னலுக்குப் பெரும்பாலும் நேர் வெயில் வராமல் வானத்து வெளிச்சம் மட்டும் ஒரே சீராக வரும். ஓவியர்களும் அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

திருநெல்வேலி இருப்பது 8.7 பாகையில். ஏப்ரல் 12 வாக்கில், சித்திரை பிறப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால், இங்கே சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். கைக்கடிகாரத்தில் அப்போது 12 மணி இருக்காது. நம் ஊர் இந்திய நேரக் கோட்டுக்கு மேற்கே தள்ளி இருப்பதால் 12.20-ஐ ஒட்டி ஆகும். அந்த நிமிஷத்தில் செங்குத்தாக நட்ட கம்பு தன் நிழலைத் தன் காலடியிலேயே விழுங்கிக்கொள்ளும். அங்கிருந்து சூரியன் வடக்கே நகரும். ஜூன் 21-இல் உச்சியிலிருந்து ஏறக்குறைய 15 பாகை வடக்கே நின்றுவிட்டுத் திரும்பும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி தலைக்கு மேலே. ஆக, நாலரை மாதத்துக்கும் மேலாக நெல்லையின் உச்சி வெயில் வடக்கிலிருந்து வருகிறது. வடக்கே சரிந்த கண்ணாடிக் கூரை போட்டால், கோடை முழுக்க வெயில் நேரே ஆளின் தலையில் கொட்டும். லண்டன் புத்தகத்தை அப்படியே நம்பிக் கூரை போட்டவர், கண்ணாடிக்கு அடியில் வெள்ளைத் துணி கட்டிக் கயிற்றால் இழுத்து இழுத்து மூடாமல் தொழில் நடத்தியிருக்க முடியாது.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. இந்த ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு எப்போதோ புரிந்துவிட்டிருந்தது. நல்ல வெளிச்சத்தை அவர்கள் திசையில் தேடவில்லை, நிழலின் ஆழத்தில் தேடினார்கள். தாழ இறங்கிய ஓட்டுச் சாய்ப்பு, திண்ணை, தார்சா, நடுவில் முற்றம். சூரியன் வடக்கே போனால் என்ன, தெற்கே போனால் என்ன, வெயில் முற்றத்துத் தரையிலும் சுண்ணாம்புச் சுவரிலும் விழுந்து, அங்கிருந்து எழும்பித்தான் பட்டாசாலைக்குள் வரும். இரண்டு மூன்று தடவை எங்கெங்கோ மோதி வருவதால் அதன் முரட்டுத்தனம் போயிருக்கும். 1956-இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன் மேல் அடித்து, திரும்பி இறங்கிய வெளிச்சத்தில் படமெடுத்தார். முற்றத்தின் இயற்பியலை அவர் துணியால் செய்து காட்டினார் என்று சொல்லலாம்.

சென்ற தை மாதம் அம்மாவைப் படமெடுக்க என் நண்பர் ஒருவர் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருக்கும் எங்கள் கிராமத்து வீட்டுக்கு வந்தார். பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். வந்ததும் கேமராப் பையைத் திறக்கவில்லை. கையை முன்னால் நீட்டி, முஷ்டியை மடக்கி, அதைப் பார்த்துக்கொண்டே வீடு முழுக்க நடந்தார். திண்ணை, தார்சா, முற்றம், புறவாசல். முஷ்டி ஒரு சின்ன முகம். விரல் மூட்டு மூக்கு, மடிப்புகள் கண்குழி. எங்கே நிழல் கத்தி மாதிரி விழுகிறது, எங்கே கரைந்து போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வெளிய வெயில்ல நின்னா நல்லாத் தெளிவா விழும்லா?"

"வெயில்ல நின்னா நீங்க தெரிய மாட்டீங்க பெரியம்மா, நிழல்தான் தெரியும்" என்றார் அவர்.

அது வெறும் பேச்சு இல்லை, அளந்து சொல்லக்கூடிய உண்மை. சூரியன் எவ்வளவோ பெரிது என்றாலும், பூமியிலிருந்து பார்க்க அதன் அகலம் அரைப் பாகைதான். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகம் அதை மறைத்து மிச்சம் இருக்கும். இத்தனை சின்ன விளக்கிலிருந்து வரும் நிழலுக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். மூக்கின் நிழல் 3 சென்டிமீட்டர் தள்ளிக் கன்னத்தில் விழுந்தால், அதன் ஓரம் மங்கும் அகலம் கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான். உச்சி வேளையில் புருவத்தின் நிழல் கண்ணையே மூடிவிடும். மூன்றடி அகல வாசலுக்கு மூன்றடி தள்ளி உட்காருங்கள். அந்த வாசல் கிட்டத்தட்ட 53 பாகை அகலத்துக்குத் தெரியும், சூரியனைப்போல் நூறு மடங்கு அகலமான விளக்கு. அதன் ஒரு ஓரத்து வெளிச்சம் போட்ட நிழலை மறு ஓரத்து வெளிச்சம் போய் நிரப்பும். மென்மை என்று நாம் சொல்வது இதைத்தான். வெளிச்சம் குறைவதால் மென்மை வருவதில்லை, விளக்கு பெரிதாவதால் வருகிறது.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது நடை வாசல். படியிலிருந்து ஓர் எட்டு உள்ளே நாற்காலியைப் போட்டார். பார்த்தார். இன்னும் அரை எட்டு பின்னால் நகர்த்தினார். வாசலை ஒட்டி இருந்தால் அதைப் பார்த்த கன்னம் வெளுத்து, மறு காது இருட்டில் போய்விடும். ரொம்ப உள்ளே போனால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆகி முகம் தட்டையாகும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவருக்குச் சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை, முஷ்டி போதும். வண்டியில் தெர்மாகோல் அட்டை கிடந்தது. அதை எடுக்காமல் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டியை உருவி, இருட்டுப் பக்கத்தில் ஒரு நாற்காலி முதுகில் தொங்கவிட்டார். அம்மாவின் இடது கன்னத்தில் சத்தமில்லாமல் ஒரு வெளுப்பு ஏறியது. தரை சிவப்புச் சிமெண்ட். அதிலிருந்து எழும்பிய சூடான சாயல் நாடிக்கு அடியில் தங்கியது. வயலோரத்தில் எடுத்திருந்தால் அந்த இடத்தில் பச்சை ஏறியிருக்கும். பிசான நெல் நிற்கும் மாதங்களில் வரப்பில் நிற்கவைத்துப் படமெடுத்த மாப்பிள்ளை பெண்ணின் கழுத்தைப் பாருங்கள், பயிரின் நிறம் தெரியும்.

அம்மா மாநிறத்துக்கும் கீழே. தலை முழுக்க நரை. கேமராவுக்கு இது ஒரு சோதனை. அதனுள் இருக்கும் ஒளிமானிக்கு முகத்தின் நிறம் தெரியாது. எதிரே எது இருந்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு அளக்கும். விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு சாம்பல். வெள்ளை வேட்டி கட்டத்துக்குள் வந்தால் அது மிரண்டு முகத்தைக் கறுப்பாக்கும். பின்னால் இருட்டுக் கதவு நிறைந்தால் முகத்தை வெளிற வைக்கும். இந்தியத் தோலுக்குச் சரியாகப் படமெடுப்பது என்பது கருவியின் இந்த ஊகத்தை ஒவ்வொரு தடவையும் திருத்துவது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கோடாக் நிறுவனம் கலர் அச்சுக்கு அளவுகோலாக லேபுகளுக்கு அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்த முகத்துக்குச் சரிசெய்த நிறங்களில்தான் நம் வீட்டுக் கல்யாணங்கள் அச்சாகி வந்தன.

தோலில் வெளிச்சம் இரண்டு விதமாகத் திரும்புகிறது. ஒரு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கும். அது வெளிச்சத்தின் நிறத்திலேயே இருக்கும், மினுமினுப்பு அதுதான். இன்னொரு பங்கு தோலுக்குள் இறங்கி, மெலனினையும் ரத்தத்தையும் கடந்து, நிறம் வாங்கிக்கொண்டு வெளியே வரும். கறுத்த தோலில் இந்த இரண்டாவது பங்கு குறைவு. அதனால் முகத்தின் மேடு பள்ளங்களை நமக்குச் சொல்வது பெரும்பாலும் மேற்பரப்பின் மினுமினுப்பு. விளக்கு சின்னதாக இருந்தால் அது நெற்றியில் ஓர் எண்ணெய்ப் பொட்டாகத் தெறித்துவிட்டு மற்றதை இருட்டில் விட்டுவிடும். வாசல் அளவுக்குப் பெரிதாக இருந்தால் கன்ன எலும்பு நெடுக ஒரு நீண்ட பளபளப்பாகப் படரும். கறுத்த முகத்துக்குத் தேவை அதிக வெளிச்சம் என்று பவுடரையும் ஃபிளாஷையும் நம்பியவர்கள் பலர். அதற்கு வேண்டியது அகலமான வெளிச்சம்.

பூட்டியின் படத்துக்கு இதைவிடப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. அந்தக் காலத்துச் சாதாரணக் கண்ணாடித் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். பச்சையையும் மஞ்சளையும் உணரவைக்கும் சாயத்தை ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் 1873-இல் கண்டுபிடித்தார் என்றாலும், பழைய வகைத் தகடுகள் அதற்குப் பிறகும் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தன. அப்படிப்பட்ட தகட்டுக்கு மஞ்சள் கறுப்பு, சிவப்பும் கறுப்பு. மஞ்சள் பூசிக் குளித்த முகம் கருகித் தெரியும். குங்குமம் மை போல் விழும். தங்கம் இரும்பாகும். பூட்டியின் பாம்படத்தில் மட்டும் ஒரு பளிச்சென்ற கீற்று இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அது தூரிகையால் தொட்டு வைத்தது. தங்கம் தங்கமாக விழவில்லையே என்று ஸ்டூடியோக்காரருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. "எங்க ஆச்சி நல்ல கறுப்பு" என்று அம்மா சொல்வது அந்தப் படத்தை வைத்துத்தான். ஆச்சி இறந்தபோது அம்மாவுக்கு இரண்டு வயது. அவள் நிறம் என்ன என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் சாயந்திரம் ஆற்றங்கரைக்குப் போனோம். மருத மரத்தடியில் எடுக்கலாம் என்று நான் சொன்னேன். நண்பர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். இலை இடுக்குகளின் வழியே விழும் வெயில் பொட்டுகள் முகத்தில் தேமல் மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பொட்டுகளைச் சும்மா நின்று பார்க்கலாம். இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும், கொஞ்சம் உயரத்திலிருந்து விழும் பொட்டு வட்டமாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றும் சூரியனின் படம். ஒவ்வொரு இடுக்கும் ஓர் ஊசித்துளைக் கேமரா. 2010 ஜனவரி 15 அன்று கங்கண சூரிய கிரகணத்தின் பாதை நெல்லையைக் கடந்தது. அந்த வேளையில் மரத்தடிகளில் விழுந்த பொட்டுகள் அத்தனையும் வளையல்களாகியிருக்கும். சூரியனை அண்ணாந்து பார்க்கப் பயந்து கதவடைத்துக்கொண்டவர்கள், தரையைப் பார்த்திருந்தாலே போதும்.

மேற்கே பொதிகை மலை. எங்கள் பக்கத்தில் பொழுது சாய்வது பஞ்சாங்கத்தில் இருக்கிற நேரத்துக்கு இல்லை, மலை சொல்கிற நேரத்துக்கு. நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதால் சூரியன் இங்கே சரிந்து போகாமல் ஏறக்குறைய நெட்டாக இறங்கும், பாகைக்கு 4 நிமிஷம். நிற்கிற இடத்திலிருந்து மலை 5 பாகை உயரத்துக்குத் தெரிந்தால், அங்கே 20 நிமிஷம் முன்னாலேயே வெயில் முடிந்துவிடும். கடற்கரைக்காரர்களுக்குக் கிடைக்கிற அந்தக் கடைசிச் செவ்வெயில் நமக்கு இல்லை. காற்று ஊதாவைச் சிவப்பைக் காட்டிலும் ஒன்பது மடங்குக்கு மேல் சிதறடிக்கும். சூரியன் தொடுவானத்தை ஒட்டும்போது ஒளி மிகத் தடித்த காற்றைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே தீர்ந்து சிவப்பு மிஞ்சும். அது வருவதற்குள் பொதிகை மறைத்துவிடுகிறது. அதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது வேறு. வெயில் ஆற்றிலிருந்தும் வயலிலிருந்தும் போய்விட்டிருக்கும், மேற்கு வானம் மட்டும் மலைக்கு மேலே எரிந்துகொண்டிருக்கும். பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பெரிய அறை, மேற்கே திறந்த ஒரே ஒரு வாசல். நண்பர் அந்த 20 நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தார். அம்மா படித்துறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். எடுத்தது ஐந்தே படம்.

பிறகு ஆல்பம். இப்போது கல்யாண வீடுகளில் வாங்குவது 12-க்கு 36 அங்குல அளவில் விரியும் கனத்த ஆல்பம். அதில் பக்கத்துக்குப் பக்கம் மேகமும் அருவியும் வெட்டி ஒட்டி, முகம் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். எங்களுக்கு அது வேண்டாம் என்று இருந்தது. டவுனில் கணக்குப் பேரேடுகள் தைக்கிற ஒரு பைண்டரிடம் போனோம். அமிலமில்லாத கெட்டித் தாள் 24. ஒவ்வொரு தாளுக்கும் இடையில் முதுகுப் பக்கமாக ஒரு விரலகலத் துண்டுத் தாளையும் சேர்த்துத் தைத்தார். படம் ஏறியதும் ஆல்பத்தின் வாய் தவளை மாதிரிப் பிளந்து நிற்காமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். அட்டைக்கு மைதாப் பசை, பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம். படத்தின் மேல் அந்தப் பசை படவே கூடாது. அதனால் நான்கு மூலையிலும் காகிதக் கார்னர்; வேண்டும்போது படத்தை உருவி எடுக்கலாம். படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யக் காரணம், எண்பதுகளில் நாங்கள் வாங்கிய ஒட்டும் ஆல்பம் ஒன்று. பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை வைத்து அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும் வகை. பசை மஞ்சளாகிப் படத்தின் முதுகில் ஏறிவிட்டது. என் அக்காவின் பூப்பு நீராட்டுப் படங்களை இன்று பிரித்தால் முகம் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். படத்தாளின் மேல் பூச்சு ஜெலட்டின், பூசணத்துக்கு அது சாப்பாடு. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் படம் பரணில் கிடந்தால் பூசணம் தன் வேலையைத் தொடங்கும். கலர்ப் படத்தின் சாயங்கள் வெயிலிலும் வெக்கையிலும் வெளுக்கும். கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளித் துகள். அது காற்றோடு சேர்ந்து மெல்ல மேலே ஊறி வந்து, ஓரங்களில் முலாம் பூசினாற்போலப் பளபளக்கும். பூட்டி படத்தின் இருட்டான மூலைகளில் அந்தப் பளபளப்பு வந்துவிட்டது. அவளை முதல் பக்கத்தில் வைத்தோம். எதிர்ப் பக்கத்தில், நடை வாசலில் எடுத்த அம்மா.

ஆல்பம் வந்த அன்று இரவு அம்மா அதைக் கூடத்து டியூப்லைட்டுக்கு அடியில் விரித்தாள். பளபளப்புத் தாளில் குழல் விளக்கே ஒரு வெள்ளைக் கோடாக விழுந்து முகத்தை மறைத்தது. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், மூடிவைத்துவிட்டாள். காலையில் நான் எழுந்து வரும்போது நடை வாசலில், படம் எடுத்த அதே நாற்காலியில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஆல்பத்தை மடியில் சாய்த்து, வாசலின் பிரதிபலிப்பு தாளிலிருந்து வழுக்கி விலகும்வரை சரித்துப் பிடித்திருந்தாள். கையில் என் லென்ஸ்.

"ஏய்யா, எங்க ஆச்சி கண்ணுல கூரை தெரியுதுன்னு சொன்னேல்லா. எங்கண்ணுல வாச தெரியுது. வாசல்ல யாரோ நிக்கான். யாருய்யா அது?"

குனிந்து பார்த்தேன். நீண்ட வெள்ளைக் கட்டம், அதன் ஓரத்தில் எள்ளளவு கறுப்பாக, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆள்.

"படம் எடுக்க வந்த பிள்ளைதான்ம்மா."

"கையை ஏன் தூக்கியிருக்கான்?"

"நாடியைத் தாழ்த்தச் சொல்லியிருப்பார்."

அம்மா தாழ்த்திப் பார்த்துக்கொண்டாள்.